மூன்று நாற்காலிச் சபை

கை அடியோடு போயிருந்தால் செங்கோடன் பாடு சுலபமாகப் போயிருக்கும். கை இருந்தது, அதுதான் தொல்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை ஒன்றும் குறையாமல் தொங்கிக்கொண்டிருந்தது அந்த வலது கை. சட்டையைப் போட்டுவிட்டால் பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரு பழுதும் தெரியாது. தூக்கச் சொன்னால்தான் வண்டவாளம் வெளிப்படும். மார்புக்கு மேல் ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் தோளுக்குள் எவனோ உளி வைத்து அடிப்பது போல இருக்கும்.

ஜெர்மன் சண்டையின்போது பஸ்ராப் பக்கம் ரோடு போட்ட பட்டாளத்தில் மண்வெட்டி பிடித்தவன் அவன். மலை மேல் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; அரியூர் நாட்டில் அவன் ஊரிலிருந்து கடல் தாண்டிப் போனது அவன் ஒருவன்தான். துருக்கிக்காரன் போட்ட குண்டு ஒரு சுவர் மேல் விழ, சுவர் இவன் மேல் விழுந்தது. பம்பாய் ஆஸ்பத்திரியில் எலும்பை எப்படியோ ஒட்டவைத்து, கொஞ்ச காலத்துக்கென்று ஒரு பென்ஷனும் எழுதி மலைக்கு அனுப்பிவைத்தார்கள். இப்போது அந்தக் கொஞ்ச காலம் முடிந்துவிட்டது. இனிமேலும் பென்ஷன் வேண்டுமானால் நாமக்கல்லில் முகாம் போடும் டாக்டர்கள் முன்னால் நின்று உடம்பைக் காட்ட வேண்டும் என்று சர்க்கார் கடுதாசி வந்தது. ஊனம் உண்டு என்று அவர்கள் சொன்னால் ஆயுசுக்கும் பென்ஷன். இல்லை என்றால் இல்லை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, போய்க் கையைக் காட்டிவிட்டு வர வேண்டியதுதானே என்பீர்கள். அவன் பெண்டாட்டி பெருமாயியும் அப்படித்தான் நினைத்தாள்.

அவளுக்கு அந்தப் பென்ஷன் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் கூலிக்கு ஆள் வைக்கிற பழக்கம் கிடையாது. உன் காட்டில் நான் வந்து ஏர் ஓட்டினால் என் காட்டில் நீ வந்து பாடுபட வேண்டும். செங்கோடன் காட்டை அக்கம்பக்கத்தார் உழுதார்கள்; முகம் கோணாமல்தான் உழுதார்கள். பதிலுக்கு அவர்கள் காட்டில் சாமை அறுக்கவும் களை வெட்டவும் மூட்டை சுமக்கவும் போனது பெருமாயி. ஆம்பிளை உழவுக்கு ஈடாகப் பொம்பளை உழைப்பு என்றால் ஒன்றுக்கு ஒன்று கணக்கு வருமா? விடிந்தால் ஒருத்தர் காடு, மத்தியானம் இன்னொருத்தர் காடு, பொழுது சாய்ந்தால் தன் காடு. பென்ஷன் நிலைத்தால் அடிவாரத்திலிருந்து கூலி கொடுத்து ஆள் கூட்டி வந்து உழலாம். அவளும் மனுஷியாக நிமிர்ந்து நடக்கலாம். விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் செங்கோடனின் கவலை வேறு. அதைப் பற்றி அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவன் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், ஊருக்கு ஊர் ஒரு நியாயம். கோயில் வாசலில் பாய் விரித்து மூன்று பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டால் அது சபை. அந்தச் சபை முன்னால், பெண்டாட்டி காதுபட, ஒருவன் “பாடுபட என்னால ஆவாது” என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே தாலிக்கட்டு தளர்ந்தது என்று பொருள். பெரியவர்கள் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். பெண்டாட்டி அதை எடுத்துத் தன் கையால் அவனுக்குக் குடிக்கக் கொடுத்தால், இருக்கிறேன் என்று அர்த்தம். தொடாமல் எழுந்து போனால் போகலாம். எந்த நாட்டுக்கும் போகலாம், எவனோடும் வாழலாம், ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. மலையில் ஒருத்தி இரண்டு வயிற்றுக்குப் பாடுபட்டே சாக வேண்டாம் என்று எந்தப் புண்ணியவானோ செய்துவைத்த ஏற்பாடு. ஈவிரக்கமுள்ள வழக்கம்தான், அகப்பட்டுக்கொண்டவனுக்குத்தான் அப்படித் தோன்றாது.

செங்கோடன் சின்னப் பையனாக இருந்தபோது அவன் சித்தப்பன் முத்தன் பலா மரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். இரண்டு வருஷம் படுத்துக் கிடந்துவிட்டு, ஒரு தை மாதம் சபையைக் கூட்டச் சொல்லி அந்தச் சொல்லைச் சொன்னார். சின்னாத்தாள் சென்னம்மாள் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சீலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து குண்டனி நாட்டுப் பாதையில் நடந்தாள். ஒருவரும் ஏசவில்லை, சித்தப்பனும் ஏசவில்லை. அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. மறுநாள் காலையில் அதில் ஒரு பூச்சி செத்து மிதந்ததைச் செங்கோடன் எட்டிப் பார்த்தான்.

அதனால்தான் பஸ்ராவிலிருந்து திரும்பிய நாள் முதல் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. “தோள் கொஞ்சம் புடிச்சிருக்குது,” என்பான். “பனி கொறஞ்சாச் சரியாப் போயிரும்,” என்பான். ஊருக்குத் தெரியாதா என்ன, எல்லாம் தெரியும். ஆனால் சொல்லாத சொல்லுக்கு ஊர் சபை கூட்டாது.

அவன் பட்டாளத்தில் இருந்த காலத்தில் பெருமாயியின் அண்ணன்மார் அவளைச் சும்மா விடவில்லை. ஆள் வருவானோ மாட்டானோ, வேறு இடம் பார்க்கலாம் என்று நச்சரித்தார்கள். அவள் கல்லாக இருந்தாள். ஊரே மெச்சியது. செங்கோடன் மனசில் மட்டும் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது: அவள் காத்திருந்தது இரண்டு கை உள்ளவனுக்கு.

இருவரும் கிழக்கு வெளுக்கும்போதே மலை இறங்கினார்கள். “நீ எதுக்குப் புள்ள, நான் மட்டும் போயிட்டு வாரேன்,” என்று அவன் சொல்லிப் பார்த்தான். “உங்களத் தனியா அனுப்புனா, தொர கேக்கறதுக்கு முன்னாடியே கும்புடு போட்டுட்டுத் திரும்பி வந்துருவீங்க,” என்று சொல்லிவிட்டுக் கட்டுச்சோற்று மூட்டையைத் தலையில் வைத்தாள்.

சேந்தமங்கலத்தில் செல்லமுத்து வண்டி கட்டி வைத்துக் காத்திருந்தார். மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் கீழ்நாட்டு விவசாயி, செங்கோடனோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர். இடது காலில் இரண்டு விரலைப் பஸ்ராவிலேயே விட்டுவிட்டு வந்தவர். வாய் மட்டும் முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

“இதா பாரு செங்கோடா,” என்றார் மாட்டை விரட்டிக்கொண்டே. “போன வருசம் என்ற மொறை வந்தப்ப நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? தொர காலத் தொடக்கூட இல்ல, ‘ஐயோ சாமி, உசுரு போவுதே’ன்னு ஒரு கத்துக் கத்துனேன் பாரு, வெளிய கட்டியிருந்த குதிரை முளையப் புடுங்கிக்கிட்டு ஓடிருச்சு. கெடச்சுது பென்ஷன். நீ கத்தவெல்லாம் வேண்டாம், உள்ளதச் சொன்னாப் போதும். ‘கை ஒசராதுங்க, பாடுபட ஆவாதுங்க.’ இவ்வளவுதான். எங்கே, ஒருக்காச் சொல்லு பாக்கலாம்.”

“அங்க போயிச் சொல்லிக்கறேனுங்ண்ணா,” என்றான் செங்கோடன்.

“ஏனுங்க, நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள் பெருமாயி பின்னாலிருந்து. “கை ஒசராது, பாடுபட ஆவாது.” அவள் அதைச் சர்வ சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு அது சர்க்காருக்குச் சொல்லும் பதில். கோயில் வாசல் நினைப்பே அவளுக்கு வரவில்லை.

டாக்டர்கள் முகாம் போட்டிருந்த நாமக்கல் முசாபரி பங்களாத் தாழ்வாரம் முழுக்கப் பட்டாளத்து ஆள்கள். ஒரு கால் போனவன், ஓயாமல் இருமுகிறவன், கண்ணில் பஞ்சு கட்டியவன், ஒன்றும் போகாமல் போனது மாதிரி முனகிக்கொண்டிருப்பவன், எல்லா ரகமும் இருந்தது. செங்கோடனை அழைத்தார்கள். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். பெருமாயி வாசற்படி ஓரமாகக் குந்திக்கொண்டாள். டவாலிச் சேவகன் முறைத்தான், அவள் திருப்பி முறைத்தாள், அவன் விட்டுவிட்டான்.

உள்ளே காலெடுத்து வைத்த செங்கோடன் அப்படியே நின்றான்.

நீள மேஜை. அதற்குப் பின்னால் மூன்று நாற்காலி, வரிசையாக. நடுவில் வெள்ளைக்கார டாக்டர் கேப்டன் துரை. ஒரு பக்கம் வயசான டாக்டர் ஒருவர், பாதித் தூக்கத்தில். இன்னொரு பக்கம் இளம் டாக்டர் ஒருவர். மேஜை நடுவில், மணி கோத்த வலைத்துணி மூடிய கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். துரைக்குக் குடிக்க வைத்தது. ஆனால் செங்கோடன் கண்ணுக்கு அது கோயில் வாசல் சொம்பு. மூன்று பேர், முன்னால் தண்ணீர், முதுகுக்குப் பின்னால் பெண்டாட்டி. பாய் ஒன்றுதான் குறை.

ரைட்டர் அர்த்தநாரி மேஜை ஓரத்தில் நின்று துரை பேச்சைத் தமிழிலும் இவர்கள் பேச்சை இங்கிலீஷிலும் மாற்றிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். துரை தோளை அமுக்கிப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

“கையைத் தூக்கச் சொல்றாரு,” என்றார் அர்த்தநாரி.

செங்கோடன் இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, உடம்பைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையை வீசினான். அது காது வரைக்கும் போய்ப் பொத்தென்று கீழே விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

“ஏர் ஓட்டுவியா?”

“ஓட்டுவேனுங்க.”

“மூட்டை தூக்குவியா?”

“தூக்குவேனுங்க.”

“மரம் ஏறுவியா?”

“ஏறுவேனுங்க.”

வாசலில் ஏதோ தொண்டையில் சிக்கிய மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அர்த்தநாரி பேனாவை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏப்பா, எதுக்கு வந்திருக்கேன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா? இது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கற எடம் இல்ல. பென்ஷனுக்கு.”

“தெரியுமுங்க.”

“அப்பறம் என்னப்பா? பாடுபட உன்னால ஆகுமா ஆகாதா? துரை அதைத்தான் கேக்கறாரு. ஒரே வார்த்தை.”

அந்த ஒரே வார்த்தைதான் செங்கோடனின் நாக்கு நுனியில் நின்றது. பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை.

“ஆகுமுங்க,” என்றான்.

துரை தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். இளம் டாக்டர்தான் எழுந்து வந்து, ஒரு நாடாவை எடுத்து இரண்டு புஜத்தையும் சுற்றி அளந்தார். வலது புஜம் வற்றிப் போயிருந்தது. அவர் துரையிடம் என்னவோ சொன்னார். துரைக்கு அரை மனசு. கடைசியில் அர்த்தநாரி சொன்னார்: “கை ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது. நாளைக் காலையில இன்னொரு தரம் வா. நாளையோட முகாம் முடியுது. அப்பவும் இப்படியே சொன்னியானா, பென்ஷனை மறந்துரு.”

வெளியே வந்ததும் செல்லமுத்து பிடித்துக்கொண்டார். “அட கூறு கெட்டவனே! கும்புடப் போன சாமி குறுக்க வந்து நின்னுச்சு, நீ கண்ண மூடிக்கிட்டு ஓடியாந்துட்டியே! ஒண்ணும் இல்லாதவனெல்லாம் உள்ள போயி நொண்டறான். உள்ளத வெச்சுக்கிட்டு நீ எதுக்குடா மறைக்கற?”

பெருமாயி திரும்பிப் பாராமல் நடந்தாள். கோட்டைப் பாறைக்குக் கீழே இருந்த குளத்துப் படிக்கட்டில்தான் நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் அப்படித்தான். மழைக்கு முந்திய காற்று மாதிரி. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் செல்லமுத்துவைப் பார்த்துச் சொன்னாள்:

“கேட்டீங்களாண்ணா, என்ற ஊட்டுக்காரர் மரம் ஏறுறாராம். எனக்கே தெரியாதுங்ண்ணா. போன மாசம் பலாக்கா பறிக்க மரத்து மேல நின்னது நானுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஏர் வேற ஓட்டுறாராம்! அந்தக் காட்டையெல்லாம் பேயி வந்து உழுதுட்டுப் போச்சு போல.”

“பெருமாயி,” என்றான் செங்கோடன்.

“பேசாதீங்க. வீம்பு. வெள்ளக்காரன் முன்னாடி மீசை இறங்கக் கூடாது, அதானே? உங்க வீம்புக்கு நான் காடு காடாப் போயிக் குனியணும். குனியறேன், போங்க. என்ற தலையெழுத்து.”

அவளுக்கு என்ன பதில் சொல்வது? வீம்பு இல்லை புள்ள, பயம் என்று சொல்லலாம். எதற்குப் பயம் என்று கேட்பாள். ‘நீ போயிருவியோன்னு பயம்’ என்று சொன்னால், போகவே நினைக்காதவளுக்குக்கூட வழி காட்டின மாதிரி ஆகிவிடும். அவன் இடது கையால் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தான்.

வெயில் தாழ்ந்து கோட்டைப் பாறையின் நிழல் குளத்தில் நீண்டது. செல்லமுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கட்டுச்சோற்றில் ஆளுக்கு இரண்டு வாய் தின்ற பிறகு பெருமாயி கல்தூணில் சாய்ந்தாள். கோபம் முழுசாகத் தீருவதற்குள்ளேயே தூங்கிவிட்டாள். அவ்வளவு அலுப்பு. வெளிச்சம் இருக்கும்போது அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை.

அவள் வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் அரிவாள் பிடியைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன. தூக்கத்திலும் விரியவில்லை. செங்கோடன் தன் இடது கையால் மெதுவாக அந்த விரல்களைப் பிரித்து விட்டான். விட்டதும் அவை திரும்ப மடங்கிக்கொண்டன. இன்னொரு தரம் பிரித்தான். மறுபடியும் மடங்கின.

பம்பாய் ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்து வைத்தபோது வராத அழுகை அவனுக்கு இப்போது வந்தது. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதான். இவளைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காகப் பொய் சொன்னோம், சரி. எதற்காக வைத்துக்கொண்டோம்? அரிவாள் பிடியாக்கி வைத்திருக்கிறோமே. சின்னாத்தாளை அன்றைக்கு ஒருவரும் ஏசாததன் நியாயம் அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. காலையில் இவளைக் குளத்தங்கரையில் இருக்கச் சொல்லிவிட்டு, இவள் காதில் விழாமல் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்தால் என்ன என்றும் ஒரு புத்தி போனது. அது திருட்டு என்று அவனே தள்ளினான். கேட்கட்டும், கேட்டுவிட்டுப் போகட்டும். எங்கே போனாலும் நிமிர்ந்து நடக்கட்டும்.

காலையில் பங்களாவுக்கு அவள்தான் முன்னால் நடந்தாள். “இன்னிக்கும் மரம் ஏறுனீங்கன்னா நான் அங்கேயே கூப்பாடு போட்டுருவேன், பாத்துக்கங்க,” என்றாள் வாசற்படியில் குந்திக்கொண்டே.

“இன்னிக்கு ஏற மாட்டேன்,” என்றான் செங்கோடன். அவள் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொண்டான். பிறகு உள்ளே போனான்.

அதே மூன்று நாற்காலி, அதே மணி கோத்த துணி மூடிய தம்ளர். அர்த்தநாரி கேள்வியைத் தொடங்குவதற்குள் செங்கோடன் வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்தபடி கும்பிட்டான்.

“சாமி, நேத்துச் சொன்னதெல்லாம் பொய்யிங்க. ஏர் புடிக்க ஆவாதுங்க. மூட்ட தூக்க ஆவாதுங்க. மரம் ஏற ஆவாதுங்க.” மூச்சை இழுத்துக்கொண்டான். வாசலுக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினான். “பாடுபட என்னால ஆவாதுங்க.”

சொல்லியாகிவிட்டது. அர்த்தநாரி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தலையாட்டினார். இளம் டாக்டர் தோளைப் பிடித்துக் கையை மெதுவாக உயர்த்திப் பார்த்தார். மார்புக்கு மேல் ஏறவில்லை. செங்கோடன் இன்றைக்குப் பல்லைக் கடிக்கவில்லை, வாய் விட்டே கத்தினான். ஆனால் அவன் காது மட்டும் வாசலில் இருந்தது.

வாசலில் சீலையை உதறும் சத்தம் கேட்டது. அவனுக்குத் தெரிந்த சத்தம்தான். சின்னாத்தாளும் இப்படித்தான் உதறினாள். பிறகு காலடிச் சத்தம். எந்தப் பக்கம் போகிறது என்று புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

“ஏம்மா! ஏம்மா, உள்ள போகக் கூடாது!” என்று டவாலிச் சேவகன் கத்தினான்.

கண்ணைத் திறந்தால் பக்கத்தில் பெருமாயி. வரிசையாக உட்கார்ந்திருந்த மூன்று முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேஜை மேல் இருந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு கோயில் வாசல் நினைப்பு வந்தது, கூடவே எல்லாம் வந்தது.

“இதுக்குத்தானா நேத்து மரம் ஏறுனீங்க?” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

“அட பைத்தியக்கார மனுசா,” என்றாள். கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. “நாலு வருசம் அங்க குண்டுக்கு நடுவுல கெடந்தீங்களே, அப்பப் போகாதவளா இப்பப் போவேன்? கையையா கட்டிக்கிட்டேன் நானு?”

எட்டி மணித்துணியை எடுத்து வீசினாள். துரையின் தம்ளரை எடுத்தாள். அர்த்தநாரியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பாதித் தூக்கத்தில் இருந்த டாக்டர் முழுசாக விழித்துக்கொண்டார். சேவகன் ஓடி வந்தான். இளம் டாக்டர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பெருமாயி இவர்கள் யாரையும் லட்சியம் செய்யவில்லை. ஒரு கையால் செங்கோடனின் பிடரியைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் தம்ளரை அவன் வாயில் வைத்தாள்.

“குடிங்க.”

குடித்தான். குடித்த வேகத்தில் பாதித் தண்ணீர் மார்பில் வழிந்தது. சீலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டாள். காலித் தம்ளரைத் துரை முன்னால் வைத்து, துணியை எடுத்து ஒழுங்காக மூடி, மூன்று பேருக்கும் ஒரு பொதுக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வாசற்படிக்குப் போய்க் குந்திக்கொண்டாள். அவள் வரைக்கும் சபை முடிந்தது.

இது என்ன என்று துரை அர்த்தநாரியைக் கேட்டார். அர்த்தநாரிக்கு மட்டும் என்ன தெரியும்? அவர் கீழ்நாட்டுக்காரர். “தண்ணி குடுத்தாங்க,” என்பதைத்தான் இங்கிலீஷில் சொல்ல முடிந்தது. துரை வற்றிப்போன புஜத்தைப் பார்த்தார், நனைந்த மார்பைப் பார்த்தார், காலித் தம்ளரைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினார். நிறைய எழுதினார்.

மத்தியானம் அர்த்தநாரியே தாழ்வாரத்துக்கு வந்து சொன்னார். “ஆயுசுக்கும் பென்ஷன் எழுதியாச்சு. அதுக்கு மேல இன்னொண்ணும் எழுதியிருக்காரு துரை. சொந்தமாத் தண்ணி குடிக்கக்கூட முடியாத ஆளு, எப்பவும் கூட ஒரு ஆள் வேணும்னு. அதுக்கும் சேர்த்துக் குடுப்பாங்க.”

செல்லமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. “அட சாமி! நான் குதிரை மெரள மெரளக் கத்தியும் ஒத்தப் பென்ஷன்தான் எழுதுனான். நீங்க ரெண்டு பேரும் ஒரு தம்ளர் தண்ணியில முடிச்சுட்டீங்களே! மொதல்லயே சொல்லியிருந்தா நானும் என்ற பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்திருப்பேனே!”

பெருமாயி சிரித்தாள். சேந்தமங்கலம் வரைக்கும் வண்டியில் நினைத்து நினைத்துச் சிரித்தாள். இடையிடையே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். செங்கோடன் மட்டும் சிரிக்கவில்லை. அவனைத்தான் தெரியுமே, ஒரு முள்ளை எடுத்தால் இன்னொன்றைத் தேடிக் குத்திக்கொள்கிற ஆள்.

மலையேற்றம் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டான்.

“ஏ புள்ள,” என்றான். “தொர தப்பா எழுதிப்புட்டாரு. எனக்கு எடது கை நல்லாத்தானே இருக்குது? தண்ணி நானே எடுத்துக் குடிப்பேனே. சர்க்காருக்குப் பொய் சொல்லிக் காசு வாங்குன மாதிரி ஆவாதா?”

பெருமாயியும் நின்றாள். “என்னன்னு எழுதியிருக்காராம்?”

“எப்பவும் கூட ஒரு ஆள் வேணுமுன்னு.”

“வேணுமா, வேண்டாமா?”

செங்கோடன் மேலே போகும் பாதையைப் பார்த்தான். கல்லும் வேரும் கிடந்த அந்தப் பாதையில் அவள் எத்தனை சுமை ஏற்றியிருப்பாள் என்று நினைத்தான். கட்டிக்கொண்ட நாள் முதல் அவளிடம் ஒரு தரம்கூடச் சொல்லாத சொல் அது. சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னான்.

“வேணும்.”

“அப்பறம் என்ன பொய்யி? நடங்க,” என்றாள் பெருமாயி. கட்டுச்சோற்று மூட்டையைத் தன் தலையிலிருந்து இறக்கி அவனுடைய இடது தோளில் மாட்டிவிட்டு, அவள் முன்னால் ஏறினாள்.